குன்றின் உச்சியில் மூட்டிய அடுப்பு

மங்கரே, ஆக்லாந்து
3 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய நல்லசாமி ஐயா அவர்களுக்கு,

ஆரணனின் அக்கா கம்சாயினி எழுதுகிறேன். என் தொலைபேசி அழைப்புகளை நீங்கள் எடுப்பதில்லை. நகர மையத்தில் உங்கள் அடுக்குமாடியின் வாசலுக்கு வந்து மணி அடித்தேன். "அவரு வீட்ல இல்லைங்க" என்று சாந்தகுமாரி அக்கா சொன்னார். அவருக்குப் பின்னால் நீங்கள் இருமியது எனக்குக் கேட்டது. ஆகவே கடிதம்.

பொங்கல் விழாவில் நீங்கள் பேசியபோது மண்டபத்தின் கடைசி வரிசையில் நான் நின்றிருந்தேன். உப்பங்கழி ஓரத்துக் குன்றின் படத்தைத் திரையில் காட்டினீர்கள். "இதோ அகழிகள்! இதோ நம் நெற்குதிர்கள்! மாவோரிகள் கால்வைக்கும் முன்னே இம்மண்ணில் தமிழன் எழுப்பிய கோட்டை இது! போங்கள், தம்பிகளே! நம் கோட்டையின் உச்சியில் நம் பொங்கல் பொங்கட்டும்!" என்று முழங்கினீர்கள். தம்பிகள் குன்றுக்குப் போனார்கள். நீங்கள் அடுத்த விழாவுக்குப் போய்விட்டீர்கள். அதனால் நடந்ததை நான்தான் உங்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

ராவிரி என்னை அழைத்தார். குன்றுக்கு உரிய மக்களின் சார்பில் அதைக் காப்பவர் அவர். நான் தொல்லியல் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். இந்நகரில் குழாய் பதிக்கவும் வீதி அகலிக்கவும் மண்ணைத் தொடும் முன் நாங்கள் போய்ப் பார்க்கவேண்டும். அந்தப் பக்கத்தில் ராவிரி இல்லாமல் ஒரு மண்வெட்டியும் நிலத்தில் இறங்காது. பல ஆண்டுகளாக அவருடன் ஒரே குழிக்குள் குந்தியிருந்து வேலை செய்தவள் நான். "உன் ஆட்கள் மேலே சமைக்கிறார்கள்" என்றார்.

அந்த உச்சி இறந்தவர்களின் இடம், ஐயா. அங்கே எவரும் உணவு கொண்டுபோவதில்லை. தண்ணீர்ப் போத்தலைக்கூட அடிவாரத்தில் வைத்துவிட்டுத்தான் ஏறுவோம். சமைத்த உணவு பட்டால் அந்த இடத்தின் புனிதம் அழியும் என்பது அவர்கள் வழக்கு. நம் ஆட்கள் அங்கே பானை வைத்தார்கள். அடுப்புக்குக் கல் வேண்டுமென்று பக்கத்துக் கற்குவியலில் இருந்து மூன்று கற்களைப் பிடுங்கியிருந்தார்கள். அந்தக் குவியல் ஒரு கல்லறை.

நான் ஏறி முடிக்கையில் ராவிரி கத்திக்கொண்டிருந்தார். அவர் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை. பால் பொங்கியது. நம் ஆட்கள் குலவையிட்டார்கள். ராவிரி ஓடிவந்து பானையை உதைத்தார். கொதிக்கிற பாலும் அரிசியும் ஒருவன் காலில் கொட்ட, அவன் அலறினான். "பானைய உதைச்சிட்டான்டா!" என்று யாரோ கூவினார்கள். கொடிக்கம்பம் நடக் கொண்டுவந்த கடப்பாரை ஆரணன் கையில் இருந்தது. அதை அவன் ராவிரியின் முகத்தை நோக்கிச் சுழற்றினான்.

அந்தச் சத்தத்தைத் தேங்காய் உடையும் சத்தம் என்று எழுத வந்தேன். அது பொய். ஈரமான சத்தம் அது. ராவிரி விழவில்லை. ஒரு கையால் முகத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்களுக்கு இடையில் வழிந்தது இரத்தம் மட்டும் அல்ல.

மண்டையோட்டில் விரிசல். இடக்கண் போய்விட்டது. ஆரணன் குற்றத்தை ஒப்புக்கொண்டு பிணையில் என் வீட்டில் இருக்கிறான். சிறை உண்டு என்கிறார் வழக்கறிஞர். அதைவிடப் பெரிய ஆபத்து, தண்டனை கடுமையானால் அவனுடைய வதிவிட விசாவும் போகலாம் என்பது. அவன் எங்கே திருப்பி அனுப்பப்படுவான் என்று உங்களுக்குத் தெரியும்.

தண்டனை விதிக்கும் முன் ராவிரியின் குடும்பம் அவனோடு ஒருமுறை உட்கார்ந்து பேச இசைந்திருக்கிறது. அவர்கள் அங்கே சொல்வதை நீதிபதி கருத்தில் கொள்வார். அவர்களுக்கு ஒரே கேள்விதான்: குன்று உங்களுடையது என்று சொன்னது யார்? ஆரணன் வாய் திறக்கவில்லை. "ஐயாவின்ர பேரை இழுக்காதை அக்கா" என்று என்னை மிரட்டுகிறான்.

நீங்கள் வாருங்கள். வந்து, நான்தான் சொன்னேன், அது உண்மை அல்ல என்று சொல்லுங்கள்.

கம்சாயினி


ஆக்லாந்து நகர மையம்
11 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை கம்சாயினிக்கு,

வணக்கம். உன் மடல் கிடைத்தது. வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் செய்தது என் பிழை. அதற்கு வருந்துகிறேன். மற்ற எதற்கும் வருந்த மாட்டேன்.

பொங்கும் பானையை உதைத்த காலுக்கு நான் தலை வணங்க வேண்டுமா? உலகின் எந்த மூலையிலேனும், எந்தக் கொடுங்கோலன் ஆட்சியிலேனும், உழவன் படைக்கும் பொங்கலைக் காலால் எற்றியவனுக்குத் தமிழன் நன்றி சொன்னதுண்டா? ஆரணனின் கை ஓங்கியது தவறென்றால், அந்தக் கையை ஓங்கச் செய்த கால் எந்த மன்றில் நிறுத்தப்படும்? இதை நீ கேட்டாயா? கேட்கவில்லை. அண்டை வீட்டார் கண்ணீரைத் துடைக்க ஓடுகிற நீ, உன் வீட்டு முற்றத்தில் கொட்டிய பாலை மிதித்துக்கொண்டு ஓடுகிறாய்.

கோட்டை பொய் என்கிறாய். வெலிங்டன் அருங்காட்சியகத்தில் தமிழெழுத்துப் பொறித்த கப்பல் மணி இருக்கிறதே, அது தானாக நீந்தி வந்ததா? கடலைக் கடந்தவன் கரையில் இறங்காமலா போயிருப்பான்? இறங்கியவன் உறைவிடம் அமைக்காமலா இருந்திருப்பான்? அந்தக் குன்றைச் சுற்றிப் படிப்படியாக வெட்டிய அரண்களையும், ஒன்றை ஒன்று சூழ்ந்த அகழிகளையும், உச்சிக்குக் கீழே வரிசையாக அகழ்ந்த குதிர்களையும் நான் கண்ணால் கண்டேன். என் நெஞ்சு சொன்னது. நெஞ்சு சொன்னதை நா சொன்னது.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். நான் வேலை செய்யும் வங்கியில் என்னைச் 'சாம்' என்கிறார்கள். நல்லசாமி என்னும் பெயரை ஒருவன்கூட முழுமையாகச் சொன்னதில்லை. கூட்டத்தில் நான் பேசத் தொடங்கினால் மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த வங்கியிலிருந்து இறங்கி வந்து, வார இறுதியில், ஒடாஹுஹு மண்டபத்து மேடையில் ஏறி நிற்கிறபோது என் எதிரே இருக்கும் தம்பிகளும் அப்படிப்பட்டவர்களே. பாரந்தூக்கிகள், இரவுக் காவலர்கள், வண்டியோட்டிகள். அவர்களுக்கு நான் ஒரு மலையைக் கொடுத்தேன். "நீ வந்தேறி அல்லன், மீண்டு வந்தவன்" என்றேன். அப்போது அவர்கள் முதுகு நிமிர்ந்ததை நீ கடைசி வரிசையில் நின்றதால் கண்டிருக்க மாட்டாய்.

ஆரணனுக்காக எதிர்ப்புக் கூட்டம் கூட்டுகிறேன். சங்கச் செயலாளர் ரவிசங்கர் மண்டபம் பார்க்கிறார். என் குரல் அவனுக்கு அரணாக நிற்கும். ஆனால் பொய்யன் என்று என் வாயால் என்னையே சொல்லச் சொல்லாதே.

அன்புடன்,
நல்லசாமி


மங்கரே
20 பிப்ரவரி 2025

ஐயா,

எதிர்ப்புக் கூட்டத்தை நிறுத்துங்கள். அது நடந்தால் ராவிரியின் குடும்பம் எங்களோடு உட்காராது.

மணியைப் பற்றி எழுதினீர்கள். ஓம், மணி உண்மை. அதில் உள்ள பெயரை மேடையில் ஒருநாளும் வாசித்தீர்களா? கப்பல் வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிமின் பெயர் அது. சோழனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். அந்தக் கப்பல் எப்படி இந்தப் பக்கம் வந்தது என்று எவருக்கும் தெரியாது. அவரை விட்டுவிட்டு மணியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

இப்போது கோட்டையைப் பற்றிச் சொல்கிறேன். ராவிரியின் மூத்தவர்கள் சொன்னதையும், நாங்கள் மண்ணில் கண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அது அணைந்துபோன எரிமலை. முதலில் வந்தவர்கள் அதைக் கோட்டையாகக் கட்டவில்லை. சாம்பல் மண்ணின் சூட்டில் வற்றாளங்கிழங்கு விளையும் என்று அதன் சரிவைத் தோட்டமாக்கினார்கள். நீங்கள் சர்க்கரைவள்ளி என்பீர்கள். உங்கள் 'நெற்குதிர்கள்' அந்தக் கிழங்கைக் குளிரிலிருந்து காக்க வெட்டிய குழிகள். அவற்றின் அடிமண்ணைச் சல்லடையில் அலசியவள் நான். ஒரு நெல்மணி இல்லை.

கிழங்கு நிறைந்த குழி இருந்தால் அதைப் பறிக்க ஆள் வரும். பிறகுதான் கோட்டை வந்தது. மரத்தால் செய்த தோண்டுகோல்களால் மலையைச் செங்குத்தாகச் சீவினார்கள். அகழி வெட்டி, மண்ணைப் பின்னால் அணையாகக் குவித்து, அதன்மேல் பெருமரங்களை வேலியாக நட்டார்கள். வேலிக்குப் பின்னால் பரண் கட்டி, ஏறி வருகிறவன் தலையில் கல்லை உருட்டினார்கள். மரக்கம்பம் நின்ற குழிகள் இன்னும் இருக்கின்றன. கம்பத்தின் அடி கரியாக இருக்கிறது. எரிந்திருக்கிறது. மேலே புதுக் கம்பத்தின் குழி. அதுவும் எரிந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கட்டியதும் எரித்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த மண்ணில் கிடக்கின்றன. அந்தச் சண்டைகளில் இரு பக்கத்திலும் நின்றவர்களின் பெயர்கள் ராவிரியின் மூத்தவர்களுக்குத் தெரியும். பாட்டாகச் சொல்வார்கள்.

கடைசியில் வடக்கிலிருந்து இன்னொரு மாவோரிக் குலத்தார் துவக்குகளோடு வந்தார்கள். குன்றில் இருந்தவர்களிடம் துவக்கு இல்லை. அவர்கள் அறிந்த போரில் எதிரி வேலியை வந்து தொடவேண்டும். இவன் அகழிக்கு அப்பாலேயே நின்று சுட்டான். பரணில் நின்றவர்கள் கல்லைக் கையில் தூக்கியபடியே பின்னால் சரிந்தார்கள். வேலி எரிந்தபோது பெண்கள் பிள்ளைகளைக் கிழங்குக் குழிகளுக்குள் இறக்கி மூடியைப் போட்டார்கள். புகை குழிக்குள் இறங்கியது. ராவிரி அந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவார். தப்பி ஓடிய சிலர் பல ஆண்டு கழித்துத் திரும்பி வந்து, எலும்பைப் பொறுக்கி, உச்சியில் கல் அடுக்கி மூடினார்கள். அதற்குப் பிறகு அங்கே எவரும் குடியிருக்கவில்லை.

பிறகு வெள்ளையர்கள் வந்து குன்றின் ஒரு பக்கத்தை வீதிக்கும் ரயில்பாதைக்கும் கல்லாக வெட்டி எடுத்தார்கள். நீங்களும் நானும் அதன்மேல்தான் கார் ஓட்டுகிறோம்.

இதை எழுதவேண்டாம் என்று இருந்தேன். எங்கள் மூத்த அண்ணன் வன்னியில் புதைக்கப்பட்டான். போர் முடிந்ததும் இராணுவம் அந்த மயானத்தை புல்டோசரால் உழுது, மேலே முகாம் போட்டது. அண்ணனின் நினைவுநாளில் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். முட்கம்பிக்கு வெளியே நின்றோம். முகாமின் குசினி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. பருப்பு வேகிற மணம் வந்தது. அம்மா வாந்தி எடுத்தார். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஆரணன்.

அந்த ஆரணனை நீங்கள் அனுப்பிவைத்தீர்கள். அங்கே யார் கிடக்கிறார்கள் என்று சொல்லாமல் அனுப்பினீர்கள்.

கம்சாயினி


ஆக்லாந்து நகர மையம்
14 மார்ச் 2025

கம்சாயினிக்கு,

என்னை அந்தப் படையாட்களோடு ஒப்பிட்டுவிட்டாய். உன் மடலைப் படித்த அன்று கதவை அறைந்து மூடிக்கொண்டு, உனக்கு ஒரு மறுமொழி எழுதினேன். கல்லும் கரையும் மறுமொழி. சாந்தகுமாரி அதைப் படித்துவிட்டு, "ஆமா, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அந்தம்மா கேட்டதுக்குப் பதில் எங்க?" என்றாள். அதைக் கிழித்தேன்.

கூட்டத்தை நிறுத்திவிட்டேன். ரவிசங்கர் என்னோடு பேசுவதில்லை.

அந்த மனிதரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். மறுபடியும் அறுவை நடந்ததாம். வாயிலில் அவர் உடன்பிறந்தாள் மெரே நின்றிருந்தாள். பருத்த உடல், வெண்மயிர், கையில் பின்னல் ஊசி. என் பெயரைச் சொன்னேன். தலைமுதல் கால்வரை பார்த்தாள். "ஓ, நீதான் அந்த வாயா?" என்றாள். என் பேச்சைப் பற்றி நீ சொல்லியிருக்கிறாய் போலும்.

நாற்பது மேடைகளில் என்னை நோக்கி எறியப்பட்ட எந்தச் சொல்லுக்கும் நான் விடை இன்றி நின்றதில்லை. அன்று என் பெயரை மட்டும் மறுபடி சொன்னேன்.

அவள் சொன்னாள்: "எங்களை வடக்கர்கள் கொன்றார்கள். கொன்றவர்கள் எங்கள் பெயரைச் சொல்லி, இன்னாரை வென்றோம் என்று பாடினார்கள். வெள்ளையன் நிலத்தைப் பிடுங்கினான். பிடுங்கும்போது எங்களிடம் கையெழுத்தாவது வாங்கினான். நீ மட்டும்தான் நாங்கள் அங்கே இருந்ததே இல்லை என்று சொன்னவன்." பின்னர் கதவைத் திறந்து, "போய்ப் பார்" என்றாள்.

பார்த்தேன். தலையில் பாதி மழிக்கப்பட்டு, தையல் ஓடி, கண் இருந்த இடத்தில் கட்டு. தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்திலும் அவர் கை எழுந்து முகத்தை மறைத்துக்கொண்டது. அடி மறுபடி மறுபடி வந்துகொண்டிருக்கிறது போலும். நான் பார்த்துக்கொண்டிருந்த சிறு பொழுதில் இரண்டு முறை வந்தது.

அவை நெற்குதிர்கள் அல்ல என்று எனக்கு அப்போது தெரியாது, தங்கை. தெரிந்துகொள்ள நான் விரும்பவும் இல்லை. கேட்டிருந்தால் எவரேனும் சொல்லியிருப்பார்கள்.

ஆனாலும் என்னால் வர இயலாது. வந்து அவர்கள் முன் சொல்வது எளிது. அவர்களுக்கு நான் யாரோ. நம்மவர்களுக்கு அது தெரியவரும்போது என் பின்னே எவன் நிற்பான்? ஊரில் என் தந்தை எனக்கு விட்டுப்போனது ஒரு நாவும் இரண்டு வேட்டியும். அந்த நாவை நானே அறுத்து வைக்கச் சொல்கிறாய். என்னால் முடியவில்லை.

நல்லசாமி


மங்கரே
2 ஏப்ரல் 2025

ஐயா,

சுருக்கமாக எழுதுகிறேன். எனக்கு நேரம் இல்லை.

மெரே நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆரணன் அறைக்குள் பூட்டிக்கொண்டான். கதவுக்கு வெளியே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பின்னிக்கொண்டே அவனோடு கதைத்தார். போகும்போது என்னிடம், "மே பத்தாம் தேதி எங்கள் இடத்தில் உட்காருவோம். இவன் இப்படியே வாயை மூடிக்கொண்டு வந்தால் நீதிபதிக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை" என்றார்.

அவர் போன பிறகு ஆரணன் வெளியே வந்தான். "எங்கட கோட்டைக்குள்ள வந்து பானையை உதைச்சவன். அவன்ர அக்கா எங்கட வீட்டுக்குள்ள வந்து பின்னுறா. நீயும் தேத்தண்ணி குடுக்கிறாய்" என்று கத்தினான். எங்கட கோட்டை இல்லையடா என்றேன். என் தேநீர்க் கோப்பையைச் சுவரில் எறிந்தான். தெறித்த ஓடு என் கன்னத்தை வெட்டியது. பிறகு அவனே துணி நனைத்து ஒற்றினான். ஒற்றிக்கொண்டே, "ஐயா பொய் சொல்லமாட்டார் அக்கா" என்றான்.

என் சொல்லை அவன் கேட்கமாட்டான். மெரேயின் சொல்லையும் கேட்கமாட்டான். உங்கள் சொல் ஒன்றுதான் அவனுக்குள் போகும். அதை உள்ளே வைத்தவர் நீங்கள். எடுக்கவும் உங்களால் மட்டுமே முடியும்.

உங்கள் நாவைப் பற்றி எழுதினீர்கள். ராவிரிக்கு இரண்டு கண்கள் இருந்தன.

நீங்கள் முதலில் மெரேயிடம் வரவேண்டாம். அந்தப் பேச்சை எந்த மேடையில் பேசினீர்களோ, எவர் முன்னால் பேசினீர்களோ, அங்கேயே திருப்பிச் சொல்லுங்கள். ஆரணனை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

கம்சாயினி


ஆக்லாந்து, மருத்துவமனையிலிருந்து
29 ஏப்ரல் 2025

தங்கை கம்சாயினிக்கு,

என் தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். உறிஞ்சுகுழல் வழியே கஞ்சி. பேச முடியாது. எழுத முடியும்.

நீ அவனை வாயிலில் விட்டுவிட்டு வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தாய். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆகவே இம்முறை நான் உனக்குச் சொல்லவேண்டும்.

சித்திரை விழாக் கூட்டம். மண்டபம் நிறைந்திருந்தது. நான் ஏறியதும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓயும் வரை காத்திருந்தேன். வாழ்நாளில் முதல்முறையாக அது விரைவில் ஓயக்கூடாதா என்று நினைத்தேன். பிறகு சொன்னேன்: "உப்பங்கழிக் குன்றில் தமிழன் ஒரு கல்லையும் எடுத்து வைக்கவில்லை. அது அந்த மண்ணின் மக்கள் கட்டிய கோட்டை. அவர்கள் இறந்த இடம். நான் சொன்னது பொய். அறிந்து சொன்ன பொய்யினும் கொடியது, அறிய மறுத்துச் சொன்ன பொய்."

ரவிசங்கர் எழுந்து வந்து, "ஐயா, மைக்கைக் குடுங்க. உங்களுக்கு உடம்பு சரியில்ல" என்றார். நான் கொடுக்கவில்லை. "வக்கீல் எழுதிக் குடுத்தாரா?" என்று ஒருவன் கேட்டான். "சாம்! உக்காருடா சாம்!" என்றான் மற்றொருவன். வங்கியில் என்னோடு வேலை செய்பவன் எவனோ அந்தப் பெயரை இங்கே கொண்டுவந்திருக்கிறான். மண்டபம் சிரித்தது. ஒரு செருப்பு வந்து தோளில் பட்டது. பின் ஒரு நாற்காலி. என் சொற்களைக் கேட்டு நிமிர்ந்த அதே முதுகுகள் இப்போது என்னை நோக்கி எழுந்து வந்தன. நான் பழக்கிய சினம் அது. எந்தப் பக்கம் பாயவேண்டும் என்று மட்டும் நான் பழக்கவில்லை.

ஆரணன் முன்வரிசையில் இருந்தான். மேடையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கெஞ்சினான். "சொல்லாதேங்கோ ஐயா. தயவுசெய்து சொல்லாதேங்கோ. எங்கட கோட்டை இல்லை எண்டா நான் என்னத்துக்கு அந்தாளை அடிச்சனான்?"

அவன் கண்ணைப் பார்த்து நான் மீண்டும் சொன்னேன். "அது நம்முடையது அல்ல, தம்பி."

அவன் மேடையில் தாவி ஏறி, ஒலிவாங்கி நின்ற இரும்புத் தண்டைப் பிடுங்கி, அதன் கனத்த அடிப்பகுதியால் அடித்தான். அழுதுகொண்டே அடித்தான். முதல் அடியில் தாடை போயிற்று. இரண்டாவது தோளில். மூன்றாவதை ஓங்கியவன் நிறுத்திவிட்டுத் தண்டைக் கீழே போட்டான். பற்களோடு சேர்த்து என் வாயிலிருந்து வந்ததைக் கண்டு அவனே மயங்கிச் சரிந்தான்.

காவலர் வந்தபோது தாளில் எழுதிக் காட்டினேன்: கூட்ட நெரிசலில் மேடைப் படியிலிருந்து விழுந்தேன். ரவிசங்கரும் அப்படியே சொன்னார், மண்டபத்தில் இருந்தவர்களையும் சொல்லவைத்தார். சங்கத்தின் பெயர் கெடக்கூடாது என்பது அவர் கவலை. என் கவலை வேறு. பிணையில் இருக்கும்போது மறுபடியும் ஒருவனை அடித்தான் என்று தெரிந்தால் மெரே எழுந்து போய்விடுவாள். நீதிபதி இரங்க மாட்டார். அவனை வானூர்தியில் ஏற்றி எங்கே இறக்குவார்கள் என்று நீயே எழுதினாய்.

என்னிடம் உண்மையைக் கேட்டாய், கொடுத்தேன். கையேந்திக் கேட்கிறேன், இந்த ஒரு பொய்யை எனக்குக் கொடு. நான் படியிலிருந்து விழுந்தேன்.

நல்லசாமி


மங்கரே
12 மே 2025

நல்லசாமி ஐயாவுக்கு,

சனிக்கிழமை உட்கார்ந்தோம். நீங்கள் படுக்கையில் இருந்ததால் நடந்ததை எழுதுகிறேன்.

அவர்களுடைய மண்டபத்தில் சுவரெங்கும் முன்னோரின் உருவங்கள் செதுக்கியிருக்கின்றன. அவற்றின் கீழே ராவிரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தார். பக்கத்தில் மெரே. எதிரே நானும் ஆரணனும். ஓரத்தில் வழக்கை விசாரித்த பொலிஸ்காரர்.

ஒரு முதியவர் எங்களை வரவேற்றுத் தம் மொழியில் நெடுநேரம் பேசினார். முடிந்ததும் மெரே என்னைப் பார்த்து, "அந்த வாய் எங்கே? வரும் என்றாயே?" என்று கேட்டார்.

"படியிலிருந்து விழுந்துவிட்டார்" என்றேன்.

ஓம், சொன்னேன். உங்களிடம் உண்மைக்காகச் சண்டை பிடித்தவள், என் தம்பியைக் காப்பாற்றவேண்டும் என்று வந்தபோது ஒரு கணமும் யோசிக்கவில்லை. மெரே தலையாட்டினார். பொலிஸ்காரர் எதையோ குறித்துக்கொண்டார். சரிவந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆரணன் எழுந்து நின்றான். என் கையைத் தட்டிவிட்டான். ஆங்கிலத்தில்தான் சொன்னான். "அவர் விழவில்லை. குன்று எங்களுடையது அல்ல என்று சொன்னார். அவர் தாடையை நான் உடைத்தேன்."

பொலிஸ்காரர் பேனாவை மூடினார். ராவிரி கண்ணாடியைக் கழற்றினார். நான் குனிந்துகொண்டேன். ஆரணன் குனியவில்லை. அந்தக் கண்குழியை நேரே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காற்சட்டை நனைந்ததை நான் கண்டேன்.

"என்னை அடித்தபோது உனக்குக் குன்று இருந்தது," என்றார் ராவிரி. "அவனை அடித்தபோது?"

"இருக்கவில்லை."

"அப்போ ஏன் அடித்தாய்?"

"இல்லை என்று அவர் சொன்னபடியால்."

ராவிரி சிரித்தார் என்று சொல்லலாமா தெரியவில்லை. வாயின் ஒரு பக்கம்தான் இப்போது அசைகிறது. பிறகு, புகை இறங்கிய குழியோடு தாம் எப்போதும் நிறுத்திவிடும் அந்தக் கதையை முழுவதுமாகச் சொன்னார். குழிக்குள் இருந்த பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னார். ஒவ்வொரு பெயரையும் ஆரணனைத் திருப்பிச் சொல்லவைத்தார். அவன் நாக்குக்கு வராத பெயர்கள். பிழையாகச் சொன்னால் மறுபடி. விசும்பிக்கொண்டே சொன்னான். எல்லாம் முடியும்வரை மெரே பின்னல் ஊசியைத் தொடவில்லை.

பிறகு பொலிஸ்காரர் எழுந்தார். பிணை முறிந்துவிட்டது, உடனே கொண்டுபோகவேண்டும் என்றார். மெரே அவர் வழியை மறித்து, "இந்த வீட்டில் பேசியவனைச் சாப்பிடாமல் அனுப்புவதில்லை. நீயும் உட்கார்" என்றார். அந்தப் பெரிய மனிதர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆரணனுக்கு ராவிரியின் பக்கத்தில் இடம் போட்டார்கள். ராவிரிக்கு இடப்பக்கம் தெரியாது. கோப்பையை எட்டும்போது தவறியது. ஆரணன் அதை அவர் கைக்கு நகர்த்தினான். அவர் நன்றி சொல்லவில்லை.

இப்போது அவன் சிறையில் இருக்கிறான். தண்டனை அடுத்த மாதம். தாம் கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் நீதிபதிக்கு எழுதுவோம் என்றார் மெரே. மன்னித்தோம் என்று எழுதமாட்டார்கள். விசாவைப் பற்றி வழக்கறிஞர் எந்த உறுதியும் தரவில்லை. உங்களிடமும் பொலிஸ் வருவார்கள். என் பொய்யை நான் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுடையதை நீங்கள் எழுதுங்கள்.

நேற்று அவனைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்து, யார் யார் வந்து பார்க்கலாம் என்று பெயர் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்துவிட்டேன் என்றான். என் பெயருக்கு அடுத்து உங்கள் பெயர். "ஐயா வருவாரோ?" என்று கேட்டான். தெரியாது என்றேன்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் கம்பி கழற்றியதும் சொல்லுங்கள், காரில் கூட்டிக்கொண்டு போகிறேன். அவனுக்கு நிறையக் கதைக்க இருக்கிறது. அங்கே நீங்கள் பேசவேண்டாம், ஐயா. உட்கார்ந்து கேளுங்கள்.

கம்சாயினி